60 டிகிரித் துடுப்பில் 30-க்கு ஒரு துளை

கயாக் என்பது இரண்டு முனையிலும் பிளேடு (பலகை) உள்ள துடுப்பால் ஓட்டும் ஒல்லியான படகு. என் கயாக் துடுப்பு இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் வகை. அலுமினியத் தண்டு, பிளாஸ்டிக் பிளேடு, மொத்த நீளம் 230 செ.மீ. நடு மூட்டில் ஒரு துண்டின் குழாய் மற்றதன் குழாய்க்குள் நுழையும். உள்குழாயில் ஒரு ஸ்பிரிங் பொத்தான். அது போய் உட்கார வெளிக்குழாயில் மூன்று துளைகள், ஒவ்வொன்றும் இரண்டு பிளேடுக்கும் நடுவே ஒரு கோணம்: நடுவில் 0 டிகிரி, அதற்கு வலப்பக்கம் 60, இடப்பக்கம் 60. மலிவு விலைத் துடுப்புகளில் பெரும்பாலும் இந்த அமைப்புதான் வரும். இதில் 30 டிகிரிக்கு நாலாவதாக ஒரு துளை போட்ட கதைதான் இது. துளை போடுவது சின்ன வேலை. எந்தக் கோணத்தில் போடுவது என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

துடுப்பின் ஒரு பிளேடை மேசைமேல் தட்டையாக வைத்தால் மறுமுனைப் பிளேடு எவ்வளவு திரும்பி நிற்கிறதோ, அந்த முறுக்குக்கு ஃபெதர் என்று பெயர். இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் 0. ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் 90. முன்பெல்லாம் காட்டாற்றில் கயாக் ஓட்டுபவர்கள் 80, 90 என்றுதான் வைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இன்று அவர்களிலேயே பலர் 30, 45 பக்கம் வந்துவிட்டார்கள். கிரீன்லாந்துக்காரர்களின் பழைய மரத் துடுப்பில் முறுக்கே கிடையாது.

ஏன் முறுக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் காற்று. ஒரு பிளேடு தண்ணீருக்குள் இருக்கும்போது இன்னொன்று ஆகாயத்தில் இருக்கிறது. எதிர்க்காற்றில் அது பலகை மாதிரி நின்று காற்றை வாங்கும். முறுக்கி வைத்தால் விளிம்பு காட்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காற்றுக்குப் பேர்போன ஊரில் இருப்பவன் என்பதால் நானும் அதை நம்பித்தான் 60-இல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நம்ம பக்கத்துக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கோயம்புத்தூர், பல்லடம், உடுமலை என்று அடித்துத் தள்ளும். அந்தப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் எல்லாம் அதை நம்பி நட்டவைதான். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் 230 செ.மீ. நீளமுள்ள ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நடுவில் உட்கார்ந்தால் பழமொழி விளங்கும்.

நான் துடுப்பு போடுவது பூலாம்பட்டி பக்கம், காவிரியில். இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. அங்கே கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் ஆறு குளம் மாதிரி அகலமாக, பெரிய இழுப்பு இல்லாமல் கிடக்கும். இரண்டு கரைக்கும் நடுவே ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு போய்வரும். மீன்பிடிக்கப் பரிசல்கள் நிற்கும். தனியார் படகு இறக்குவதாக இருந்தால் உள்ளூரில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். கதவணைப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். திறந்துவிட்டால் இந்தத் தேக்கத்திலும் ஓட்டம் வந்துவிடும், அப்போது கரையோரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கேதான் காற்றுக் கணக்கு இடித்தது. மேட்டூரிலிருந்து பவானி வரைக்கும் காவிரி ஏறக்குறைய தெற்கு நோக்கி ஓடுகிறது. பருவக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதாவது ஆற்றோடு மேலே போனாலும் கீழே வந்தாலும் காற்று எனக்கு எதிரில் இல்லை, விலாவில் அடிக்கிறது. முறுக்கு உதவுவது எதிர்க்காற்றுக்கு. விலாக்காற்றில் கதை தலைகீழ். முறுக்கில்லாத துடுப்பில், தூக்கிய பிளேடின் விளிம்பு பக்கவாட்டில் பார்க்கும், அதனால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. முறுக்கிய துடுப்பிலோ, காற்று வரும் பக்கத்துப் பிளேடைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கம் காற்றுக்கு முகம் காட்டும். காற்று அடியில் புகுந்து தூக்கும். பெரிய காற்று என்றால் துடுப்பு தலைக்கு மேலாகப் போகப் பார்க்கும். தெற்கே போகும்போது வலப்பக்கம்தான் மேற்கு. ஒவ்வொரு முறை இடப்பக்கம் குத்தும்போதும், அதாவது பிளேடைத் தண்ணீரில் இறக்கி இழுக்கும்போதும், வலக்கை மேலே போகும், காற்று அதைத் தள்ளும்.

எதிர்க்காற்றிலாவது எவ்வளவு மிச்சம் என்று கொசைன் போட்டுப் பார்த்தேன். 0 டிகிரியில் பிளேடின் முழுப் பரப்பும் காற்றுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 30-இல் 87 சதவீதம் நிற்கும். 45-இல் 71. 60-இல் சரிபாதி. 90-இல்தான் ஒன்றுமில்லாமல் போகும். அப்படியானால் 30 டிகிரி வைத்திருப்பவர்கள் காற்றுக்காக வைத்திருக்க முடியாது. வெறும் 13 சதவீதத்துக்காக யாரும் தண்டில் துளை போடமாட்டார்கள். வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணம் மணிக்கட்டு.

வலக்கையை முக்கியப் பிடியாக வைத்துக்கொள்ளும் துடுப்பில், வலக்கை தண்டை இறுக்கிப் பிடிக்கும். இடக்கை தளர்ந்து, தண்டு அதற்குள் உருள விடும். வலப்பக்கம் குத்தி எடுத்த பிறகு இடப்பக்கப் பிளேடு தண்ணீரில் நேராக இறங்க வேண்டுமானால் தண்டைப் பின்பக்கமாகச் சுழற்ற வேண்டும். 60 டிகிரி முறுக்கு என்றால் 60 டிகிரி சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு 60 குத்து என்று நிதானமாகப் போனாலும் இடப்பக்கம் 30. ஒரு மணி நேரத்தில் 1800 முறை வலது மணிக்கட்டு பின்னால் மடிகிறது. மோட்டார் சைக்கிளில் ஆக்சிலரேட்டரைத் திருகும் அதே அசைவுதான், ஆனால் பாரத்தோடு. கட்டை விரலுக்குக் கீழே, முன்கையின் மேல்பக்கமாக ஒரு வலி கிளம்பி, மறுநாள் காலையில் டம்ளரைத் தூக்கும்போது ஞாபகப்படுத்தும்.

சரி, அப்படியானால் 0 வைத்துவிட வேண்டியதுதானே? அதுவும் ஒத்துவரவில்லை. இதற்கு விடை கிடைத்தது தண்ணீரில் இல்லை, திண்ணையில்.

ஒரு குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். வலது மணிக்கட்டை மடிக்கவே கூடாது, பூட்டுப் போட்ட மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலக்கையை இடுப்பருகிலிருந்து கண் உயரத்துக்குத் தூக்குங்கள். மணிக்கட்டு அசையவில்லை, இருந்தும் குச்சி தானாகப் பின்பக்கம் உருண்டிருக்கும். முன்கை கீழ்நோக்கி இருந்தது, இப்போது மேல்நோக்கி இருக்கிறது, அந்தச் சாய்வு அப்படியே குச்சிக்குப் போய்ச் சேர்கிறது. கையை எவ்வளவு உயரத் தூக்குகிறோமோ அவ்வளவு உருளும். முறுக்கு இதை ஈடுகட்டத்தான். உடம்பு தானாக உருட்டும் அளவும் துடுப்பின் முறுக்கும் ஒன்றாக இருந்தால் மணிக்கட்டுக்குச் சோலியே இல்லை. முறுக்கு அதைவிட அதிகம் என்றால் மிச்சத்தை மணிக்கட்டு பின்னால் மடிந்து தர வேண்டும். குறைவு என்றால் முன்னால் மடிந்து கழிக்க வேண்டும்.

எந்த எண் சரி என்று அடுத்தவரைக் கேட்டுப் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அவர் கை எந்த உயரத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது அவர் எண். தண்டை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, மேல்கை நெற்றி உயரத்துக்குப் போகும்படி வேகமாகக் குத்துபவருக்கு உருளல் அதிகம். தண்டைப் படுக்கை வாட்டில் வைத்து, கை மார்புக்கு மேலே போகாமல் நாள்பூரா சாவகாசமாகப் போகிறவருக்குக் குறைவு. கிரீன்லாந்துத் துடுப்பு 0-இல் நிம்மதியாக ஓடுவதும் அதனால்தான்: உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே மேற்பட்ட குறுகிய பிளேடு, கைகள் எப்போதும் தாழ்வாகவே.

என் எண்ணைக் கண்டுபிடிக்க மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஸ்பிரிங் பொத்தானை உள்ளே அமுக்கித் தண்டைத் துளையிலிருந்து கொஞ்சம் விலக்கித் திருப்பினால் மூட்டு சுதந்திரமாகச் சுழலும். விரும்பிய கோணத்தில் நிறுத்தி இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றிவிட்டால் தரையில் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு நிற்கும். கோணம் அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஒரு பிளேடைச் சமதளத்தில் அழுத்தி வைத்து, மறு பிளேடின்மேல் கைபேசியைப் படுக்க வைத்து அதிலுள்ள சாய்மானியைப் பார்த்தால் போதும். குழிந்த பிளேடாக இருந்தால் குழிவுக்கு மேலாக ஒரு அடிக்கோலைப் போட்டு அதன்மேல் போனை வைக்க வேண்டும்.

திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்றிலேயே துடுப்பு போட்டேன். கண்ணை மூடுவது முக்கியம். பார்த்துக்கொண்டே செய்தால் கை தன்னாலே பிளேடைச் சரிசெய்துவிடும். மச்சான் எதிரில் நின்று வீடியோ எடுத்தார்.

“ஏன் மாப்ள, தண்ணியில்லாத ஊர்ல ஓடம் ஓட்டறீங்களா? பக்கத்து வூட்டம்மா பாத்துட்டு நிக்குது.”

“நீங்க எடுங்க மச்சான். இடது பிளேடு பாதத்துக்குப் பக்கத்துல வர்றப்ப நிறுத்திப் பாருங்க. நெட்டுக்கா நிக்குதா, சாஞ்சு நிக்குதா?”

60-இல் சாய்ந்தே நின்றது, மேல் விளிம்பு முன்னால். 0-இல் அதற்கு நேரெதிராக, மேல் விளிம்பு என் பக்கம். 30-க்குக் கொஞ்சம் இப்படியும் அப்படியுமாக வைத்தபோது நெட்டுக்கு நின்றது. அதற்குமேல் நுணுக்கமாகப் பார்ப்பதில் பொருளில்லை, ஏனென்றால் என் மூட்டிலேயே ஆட்டம் இருக்கிறது: பொத்தான் 6 மி.மீ., துளை 6.5 மி.மீ. அந்த அரை மி.மீ. இடைவெளி, 15 மி.மீ. ஆரமுள்ள தண்டில் கிட்டத்தட்ட 2 டிகிரி. டேப் சுற்றிய நிலையிலேயே கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்ததிலும் இதே விடைதான்.

துளை போடும் வேலை

வெளிக்குழாய் குறுக்களவு 30 மி.மீ. சுற்றளவு 94.2 மி.மீ. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 30 டிகிரி, அதாவது 7.85 மி.மீ. 28 மி.மீ. தண்டு வைத்திருப்பவர்களுக்கு 7.33, 32 மி.மீ. என்றால் 8.38. இதைக் காலிப்பரில் அளந்து வளைந்த பரப்பில் குறிப்பது வம்பு. எளிய வழி காகிதம். ஒரு காகிதப் பட்டையைத் தண்டைச் சுற்றி இறுக்கி, 0 துளையின் மையத்தையும் வலது 60 துளையின் மையத்தையும் பென்சிலால் குறித்து, பட்டையைக் கழற்றி, இரண்டு குறியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மடித்தால் மடிப்பு விழும் இடம் 30 டிகிரி. கணக்கே தேவையில்லை. அளந்து பார்த்தேன், 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

ஆனால் அந்த இடத்திலேயே துளை போட முடியாது. 7.85 மி.மீ. தூரத்தில் இரண்டு 6.5 மி.மீ. துளை போட்டால் நடுவில் 1.35 மி.மீ. உலோகம்தான் மிஞ்சும். பொத்தான்மேல் வரும் முறுக்கு விசைக்கு அது கிழிந்துவிடும். அதனால் புதுத் துளையைத் தண்டின் நீளவாட்டில் 20 மி.மீ. தள்ள வேண்டும். எந்தப் பக்கம்? என் தண்டில் உள்குழாய்க்கு ஒரு தடுப்பு விளிம்பு இருக்கிறது, இருக்கும் இடத்தைவிட ஆழமாக நுழையாது. ஆகவே குழாய் வாய்ப்பக்கம்தான் தள்ள வேண்டும். அதனால் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் இருக்கும் நீளம் 90-இலிருந்து 70 மி.மீ. ஆகிறது, துடுப்பு 2 செ.மீ. நீளுகிறது. இரண்டும் பரவாயில்லை. உங்கள் மூட்டு ஏற்கெனவே குட்டையாக இருந்தால் இந்த வழி வேண்டாம், முறுக்கைச் சரிசெய்துகொள்ளும் வேறு மூட்டு வாங்கிப் போடுவதே மேல்.

வீட்டு டிரில்லிலேயே செய்யலாம். ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லேத் பட்டறைக்குப் போகாமல் இருப்பதா? கணபதியில் தெரிந்த அண்ணன் ஒருவர், பம்ப்செட் உதிரிபாகம் கடைபவர். துடுப்பைப் பார்த்ததும் முதலில் எடையைத்தான் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது எதுக்குங்க கொழாய்ல இத்தனை ஓட்டை? சக்குல புடிச்சு டிவைட் பண்ணித் தரட்டுங்களா?”

“வேண்டாங்கண்ணா, நசுங்கிடும். குறி போட்டுக் கொண்டாந்துட்டேன்.”

“காயிதத்துல குறி போட்டா எம்புட்டு சுத்தமா வருமுங்க?”

கேட்டுவிட்டு அவரே வி-பிளாக்கில் (குழாய் உருளாமல் உட்காரும் பள்ளமுள்ள கட்டை) வைத்துத் திருப்பி உயரம் பார்த்தார். பட்டைக்கும் அவர் கணக்குக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. “பரவால்லைங்க” என்றார். கணபதி பட்டறையில் அது பெரிய சர்ட்டிபிகேட்.

மெல்லிய குழாயில் துளை போடும்போது ட்ரில் உள்ளே விழுந்து எதிர்ச்சுவரையும் கீறிவிடும். அதனால் உள்விட்டத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டை கடைந்து உள்ளே செருகினார். சென்டர் பஞ்ச்சில் லேசாக ஒரு தட்டு, பலமாகத் தட்டினால் குழாய் குழிந்துவிடும். பிறகு 2.5, அடுத்து 5, கடைசியில் 6.5. ஒரே மூச்சில் 6.5 போட்டால் அலுமினியத்தில் துளை முக்கோணமாக வரும், பொத்தான் ஆடும். கட்டையை உருவிய பிறகு உள்பக்கப் பிசிறுதான் மெனக்கெடுத்தது. ஒரு குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே விட்டு, விரல் நுனியில் எதுவும் தட்டாத வரைக்கும் தேய்த்தோம். அந்தப் பிசிறு மிஞ்சினால் உள்குழாயைக் கீறி மூட்டே சிக்கிக்கொள்ளும். ஆற்று மணல் ஒரு சிட்டிகை போனாலே கழற்ற முடியாமல் முழிக்க வேண்டியிருக்கிறது, பிசிறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதே காரணத்துக்காக மூட்டில் கிரீஸ் போடக் கூடாது, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, இரண்டு துண்டாகவே வைத்துவிட வேண்டும். காசு கேட்டதற்குச் சிரித்துவிட்டு டீ வாங்கித் தரச் சொன்னார்.

இன்னொரு சின்ன வேலையும் சேர்த்துச் செய்தேன், துளையைவிட இது அதிகம் உதவியது என்றுகூடச் சொல்வேன். உருண்டைத் தண்டில் பிளேடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது. வலக்கை பிடிக்கும் இடத்தில், வலது பிளேடின் விளிம்புக்கு நேர்கோட்டில், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு மூங்கில் சிம்பை டேப்பால் ஒட்டி, மேலே கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையை ஏற்றிவிட்டேன். விரல் மடிப்பில் அந்த மேடு வந்து உட்கார்ந்தால் பிளேடு நேராக இருக்கிறது என்று பொருள். வலது துண்டிலேயே இருப்பதால் முறுக்கை மாற்றினாலும் மேடு மாறாது.

தண்ணீரில்

பரிசல்காரர்கள் கையைப் பார்த்தால் பிளேடுக் கோணத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பரிசலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, வட்டம். நம்மைப் போல் ஒரு பக்கம் குத்தி இழுத்தால் அது நின்ற இடத்தில் சுற்றும். அதனால் அவர்கள் போகும் திசைப் பக்க விளிம்பில் உட்கார்ந்து, ஒற்றைத் துடுப்பை முன்னால் ஊன்றி, இடமும் வலமுமாக எட்டுப் போட்டுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் வாங்குகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையின் சாய்வு மாறும். கொத்தனார் சாந்து தேய்க்கும்போது கரண்டியின் முன்விளிம்பைத் துளி தூக்கி, திரும்பும்போது மறுவிளிம்பைத் தூக்குவாரே, அதே கைவாகு. சாய்வு கூடினால் பலகை தண்ணீரைக் கலக்கும், குறைந்தால் வழுக்கிப் போகும்.

துறையில் நின்ற ஒருவர் என் துடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, ரெண்டு பக்கமும் பலகை வச்சுட்டு, அதையும் கோணலா வச்சிருக்கறீங்க?” காரணம் சொன்னேன். “அது சரி. ஆனா நீங்க கெட்டியாப் புடிக்கறீங்க. எறும்பைப் புடிக்கற மாதிரி புடிக்கோணும், சாவவுங் கூடாது, போவவுங் கூடாது” என்றார். கயாக் பாடம் எடுப்பவர்கள் பத்து நிமிடம் விளக்குவதை அவர் அதோடு முடித்துவிட்டார். தண்டை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு எந்த முறுக்கும் வலிக்கத்தான் செய்யும். இழுக்கும் கையின் விரல்கள் கொக்கியாக மாட்டியிருந்தால் போதும். தள்ளும் கை உள்ளங்கையால் தள்ளும், விரல்கள் விரிந்தே இருக்கலாம்.

குத்து எங்கே தொடங்க வேண்டும் என்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் இறக்கினால் பாதிக் குத்து வீண். இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி, குத்தும் பக்கத்துத் தோளை முன்னால் கொண்டுபோய், பாதத்துக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். பிளேடு முழுசாக மூழ்கிய பிறகுதான் இழுப்பு. மூழ்குவதற்குள் இழுத்தால் காற்றையும் சேர்த்து இழுக்கிறோம், ‘சளப்’ என்று சத்தம் கேட்கும், குமிழி பறக்கும். நன்றாக இறங்கிய குத்துக்குச் சத்தமே இல்லை. இழுப்பதும் கையால் இல்லை. திருப்பிய உடம்பு நேராகும்போது கூடவே வருகிறது, அதே பக்கத்துக் கால் படகை மிதிக்கிறது. இடுப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டி இழுத்தால் பிளேடு தண்ணீரை மேலே அள்ளுகிறது, படகின் பின்பக்கம் அமுங்குகிறது. முகத்துக்குத் தண்ணீர் தெறித்தால் பெரும்பாலும் தாமதமாக எடுத்ததுதான் காரணம்.

முறுக்கு சரியா என்பதை இடது பிளேடு சொல்லிவிடும். இடப்பக்கம் குத்தும்போது பிளேடு ஆழத்துக்கு ஓடி, படகுக்கு அடியில் புகப் பார்த்து, எடுக்கும்போது தண்ணீர் விடாமல் பிடித்தால், மேல் விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. தண்டு போதுமான அளவு உருளவில்லை, உங்கள் கைக்கு முறுக்கு அதிகம். மாறாக, பிளேடு ஆழம் போகாமல் மேலே மேலே வந்து தண்ணீரைத் தட்டி, படகு முன்பக்கம் குதித்தால், மேல் விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. முறுக்கு குறைவு. 60-இல் களைத்துப் போகும் நேரத்தில் எனக்கு முதல் வகைதான் வரும், மணிக்கட்டு மடிய மறுக்கும்போது. 30-இல் அது நின்றுவிட்டது. மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கின்றன, இடக்கை இருப்பதே தெரியவில்லை.

பிளேடு இழுக்கும்போது வாலாட்டுகிற மாதிரி நடுங்கினால் அதற்கு முறுக்கு காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதலில் பிளேடைத் திருப்பிப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். குழிவான பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும். இரண்டு விளிம்பும் சமமில்லாத பிளேடுகளில் நீண்ட விளிம்பு மேலே, குட்டை விளிம்பு கீழே. பிளேடு சாய்வாகத்தான் தண்ணீரில் இறங்குகிறது. அந்தச் சாய்வில் தண்டுக்கு இரு பக்கமும் சம பரப்பு மூழ்குவதற்காகத்தான் கீழ்விளிம்பைக் குறைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் படகுத்துறைகளில் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படகைத் திட்டுபவர்களை எத்தனை பேரைப் பார்த்தாயிற்று.

விலாக்காற்று விஷயத்தில் 30 எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. தூக்கிய பிளேடில் காற்று பிடிப்பது 60-இல் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்காகக் குறைந்திருக்கிறது (சைன் கணக்குப்படி 0.87-க்கு 0.5) என்று கணக்கு சொன்னாலும், கைக்குத் தெரிந்த குறைவு அதற்கு மேல். பலத்த காற்றில் கையையும் தாழ்த்திக்கொள்கிறேன். அப்போது உருளல் குறைவதால் 30 கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது, 15 இருந்தால் தேவலை. 15-க்கு இன்னொரு துளை போட இந்த மூட்டில் இடமில்லை. அந்த நேரங்களில் பொத்தானை 0-க்கு மாற்றிக்கொண்டு, இடப்பக்கம் குத்தும்போது வலக்கைப் பிடியைத் துளி தளர்த்திவிடுகிறேன்.

மச்சான் துடுப்பிலும் இதே மாதிரி துளை போட்டுத் தருகிறேன் என்றேன். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, இந்த முறை நான் வீடியோ எடுத்தேன். அவர் கை மார்பைத் தாண்டவே இல்லை. டேப்பை 20, 10 என்று குறைத்துக்கொண்டே வந்ததில், 0-க்குப் பக்கத்தில் பிளேடு நெட்டுக்கு நின்றது. அந்தத் துளை அவர் துடுப்பில் வாங்கும்போதே இருக்கிறது.